948 சிசி ஹெரால்டில் டிரெய்லர் கட்டி ஏற்காடு ஏறலாமா?

4 ஆகஸ்ட் 2024, வந்த கேள்வி

அண்ணா, தாத்தா வைத்திருந்த 1967 ஸ்டாண்டர்ட் ஹெரால்டை ஒருவழியாக ஓட வைத்துவிட்டேன். ஒன்றரை வருட வேலை, எவ்வளவு பணம் என்று வீட்டில் இன்னும் சொல்லவில்லை. ஏற்காடு மலைமேல் நாகலூர் பக்கம் எங்களுக்கு ரெண்டு ஏக்கர் காப்பித் தோட்டம். எரு, நாற்று, தண்ணீர் டேங்க் என்று மாதம் ஒரு முறை ஏதாவது மேலே போக வேண்டும். பின்னால் ஒரு சின்ன டிரெய்லர் கட்டிக்கொள்ளலாமா? 948 சிசி இழுக்குமா? அப்பா "இழுக்கவே இழுக்காது" என்கிறார். மெக்கானிக் "தாராளமா இழுக்கும்" என்கிறார்.

4 ஆகஸ்ட் 2024, இரவு

இழுக்கும் தம்பி. 1983 பிரீமியர் பத்மினி காரில் ஆறு வருடம் நான் டிரெய்லர் இழுத்திருக்கிறேன், சேலத்துக்குள்ளேயும் மலைமேலும். உன் வண்டியைவிட அது 141 சிசி அதிகம், அவ்வளவுதான். கொக்கியை மட்டும் நல்ல இடத்தில் மாட்டு. இந்தக் காலத்துக் கார்களில் தனிச் சேசிஸ், அதாவது பாடிக்கு அடியில் தனி இரும்புச் சட்டம், கிடையாது என்பதால் டிக்கிக்கு அடியில் குறுக்காக ஒரு சேனல் கொடுத்து பாடியிலேயே பிடிக்க வேண்டும். மீதி நாளைக்கு.

5 ஆகஸ்ட் 2024

காலையில் காப்பியோடு படித்துப் பார்த்தேன். நேற்று எழுதியது அவசரக் குடுக்கைத்தனம். "இழுக்கும்" என்றது உண்மைதான். ஆனால் அதை மட்டும் நம்பி நீ நாளைக்கே வெல்டிங் பட்டறைக்குப் போய்விடக் கூடாது.

குட்டி யானையைப் பார். 2005இல் வந்த முதல் டாடா ஏஸ் இரண்டு சிலிண்டர், 702 சிசி, 16 குதிரை. முக்கால் டன் ஏற்றிக்கொண்டு ஏற்காட்டுக்கு அது போகாத நாள் உண்டா? என் பத்மினி 1089 சிசி, 40 குதிரை. கணக்குப் போட்டுப் பார்த்தேன். வண்டி, ஆள், டிரெய்லர், சரக்கு எல்லாம் சேர்ந்து 1,400 கிலோ என்று வை. பத்தடிக்கு ஓரடி ஏறும் மேட்டில் மணிக்கு 15 கிலோமீட்டரில் ஊர்ந்து ஏற ஒன்பது குதிரை இருந்தால் போதும். மேலே போகப் போகக் காற்று மெலிவதால் கார்புரேட்டர் வண்டிக்கு பத்தில் ஒரு பங்குக்கு மேல் சக்தி குறையும். அதைக் கழித்தாலும் மிச்சம் நிறைய.

ஆக உன் மெக்கானிக் சொன்னது சரி. உன் அப்பாவுக்கு ஏன் பயம் என்று யோசி. அவர் அந்த வண்டியில் மலை இறங்கியிருப்பார். எனக்கு நடந்த மூன்று சங்கடமும் வேகமாக ஏறும்போது நடக்கவில்லை. ஒன்று நின்று கிளம்பும்போது, ஒன்று இறங்கும்போது, ஒன்று சமதளத்தில். ஒவ்வொன்றாக எழுதுகிறேன், கடைக்கு நேரமாகிவிட்டது.

7 ஆகஸ்ட் 2024

2011 ஜனவரி, பொங்கலுக்கு அடுத்த வாரம். ஐம்பது கிலோ எரு மூட்டை ஐந்து. டிரெய்லர் தன் எடை 130. பக்கத்தில் மச்சான். அடிவாரம் செக்போஸ்ட் தாண்டி நிம்மதியாகவே ஏறினோம். ஏற்காட்டுக்கு இருபது கொண்டை ஊசி வளைவு என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். பதினான்காவது வளைவின் வாயில் நுழையும்போது மேலேயிருந்து பஸ். மலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும், விதி அப்படித்தான். ஆனால் பஸ் ஏற்கெனவே பாதி வளைவில் வந்துவிட்டது. அதன் நீளத்துக்கு முழு ரோடும் வேண்டும். விதியைப் பேசிக்கொண்டிருக்க முடியுமா? நின்றேன்.

நின்றதுதான் தப்பு. ஹேண்ட் பிரேக்கை மேலே வரை இழுத்தும் வண்டி மெல்லப் பின்னால் நழுவியது. கால் பிரேக்கை விட முடியவில்லை. மச்சான் குதித்து டிரெய்லர் சக்கரத்துக்குப் பின்னால் கல் வைத்தார். பஸ் கடந்து போக இன்னும் ரெண்டடி இடம் வேண்டியிருந்தது. முன்னால் போகலாம் என்று ஃபர்ஸ்ட் கியர் போட்டுக் கிளட்சை விட்டால் இன்ஜின் ஆஃப். மறுபடி. மறுபடி. மூன்றாவது தடவை கிளட்சை இழுத்துப் பிடித்து ஆக்சிலேட்டரை மிதித்தேன். மாட்டுக்கு லாடம் கட்டும் இடத்தில் கொம்பு கருகினால் வருமே ஒரு வாடை, அது காருக்குள் நிறைந்தது. வண்டி ஒரு சாண் நகர்ந்தது.

சரி, பின்னால் போகலாம் என்று ரிவர்ஸ் எடுத்தேன். குட்டை டிரெய்லரை ரிவர்ஸ் எடுத்துப் பழகாதவன் மலை வளைவில் எடுத்தால் என்ன ஆகும்? கத்தரிக்கோல் மாதிரி மடிந்தது. டிரெய்லரின் மூலை டிக்கி மூடியில் போய் அமுங்கியது. அந்தப் பள்ளம் இன்னும் இருக்கிறது, தட்டி எடுக்க மனசு வரவில்லை.

கடைசியில் ரெண்டு மூட்டையை ரோட்டோரம் இறக்கி வைத்துவிட்டு, பஸ்ஸிலிருந்து நாலு பேர் இறங்கித் தள்ளி எங்களை வளைவுக்கு மேலே ஏற்றிவிட்டார்கள். டிரைவர் என்னைத் திட்டவேயில்லை. ஜன்னலில் கையை ஊன்றிக்கொண்டு நிதானமாகச் சொன்னார்: "சார், அடுத்த தடவை மாட்டையே பூட்டிக்கிட்டு வந்துருங்க."

8 ஆகஸ்ட் 2024

மச்சான் படித்துவிட்டு போன் செய்தார். அது பதினான்காவது வளைவு இல்லையாம், பதினொன்றாம். இறக்கியது மூன்று மூட்டையாம். கல் வைத்தது அவர் இல்லை, பஸ் கண்டக்டராம். அவர் அப்போது இறங்கி நின்று "ஐயோ மாமா ஐயோ மாமா" என்று கத்திக்கொண்டிருந்தாராம். திருத்திக்கொள்ளவும்.

அந்த நாளுக்குப் பிறகு நான் பழகிக்கொண்டது: ஒவ்வொரு வளைவுக்கும் ஐம்பது அடி முன்னால், கொஞ்சம் சமமான இடத்தில், தலையை வெளியே நீட்டி மேல் ரோட்டைப் பார்ப்பேன். பஸ்ஸோ லாரியோ தெரிந்தால் அங்கேயே நின்றுவிடுவேன். வளைவுக்குள் நுழைந்த பிறகு நிற்கவே கூடாது. அப்புறம் ஒரு மரக்கட்டை, லாரிக் கிளீனர்கள் வைத்திருப்பார்களே அந்த மாதிரி முக்கோணமாக அறுத்தது, பின் சீட்டுக்குக் கீழே எப்போதும் கிடக்கும். கல்லைத் தேடிக்கொண்டிருக்க நேரம் இருக்காது.

பத்மினிக்காரர்களுக்கு ஒன்று: என் வண்டியில் ஃபர்ஸ்ட் கியருக்கு சிங்க்ரோ, அதாவது பற்களின் வேகத்தைத் தானே ஒத்துப்போக வைக்கும் அமைப்பு, கிடையாது. ஓடும்போது செகண்டிலிருந்து ஃபர்ஸ்ட்டுக்கு இறக்க இரட்டைக் கிளட்ச் போட வேண்டும், கிளட்சை ரெண்டு தடவை மிதித்து. வளைவுக்குள் அதைச் செய்யப் பார்த்தால் கியர் கத்தும், வேகம் போய்விடும், நின்றுவிடுவீர்கள். வளைவுக்கு முன்னாலேயே ஃபர்ஸ்ட்.

9 ஆகஸ்ட் 2024

பெரிய திருத்தம். முதல் நாள் "தனிச் சேசிஸ் கிடையாது" என்று எழுதினேன். என் பத்மினியை மனசில் வைத்து எழுதிவிட்டேன். ஹெரால்டுக்குத் தனிச் சேசிஸ் உண்டு. பாடியைத் துண்டு துண்டாக போல்ட் போட்டு அதன்மேல் உட்கார வைத்த வண்டி அது. முன்பக்கம் முழுக்க ஒரே மூடியாக முன்னால் கவிழ்ந்து திறக்குமே, அதைப் பார்த்தாலே தெரிந்திருக்க வேண்டும். மூன்று பேர் உடனே சுட்டிக்காட்டிவிட்டார்கள். ஒருவர் கொஞ்சம் சூடாகவே. மதராஸில் செய்த வண்டியைப் பற்றித் தமிழன் தப்பாக எழுதலாமா என்கிறார். எழுதக் கூடாதுதான்.

கொக்கி மாட்ட அதனால் ஹெரால்டு நல்ல வண்டி. சேசிஸ் சட்டத்திலேயே போல்ட் போட்டுப் பிடிக்கலாம். என் வண்டியில் பாடித் தகடு ரெண்டு வருடத்தில் விரிசல் விட்டு, உள்ளே பட்டை கொடுத்து ஒட்ட வைத்தேன்.

ஆனால் அதே மூச்சில் ஒரு கெட்ட செய்தியும் சொல்ல வேண்டும். ஹெரால்டின் பின் சக்கரங்கள் பத்மினி மாதிரி ஒரே நேர் அச்சில் இல்லை. குறுக்கே ஒற்றைப் பட்டை ஸ்பிரிங், ரெண்டு பக்கமும் தனித்தனியாக மேலும் கீழும் ஆடும் அரை அச்சு. பின்னால் பாரம் அமுங்கினால் சக்கரங்களின் அடிப்பாகம் வெளியே விரியும், பின்பக்கம் தூக்கினால் உள்ளே மடங்கும். உள்ளே மடங்குவதுதான் ஆபத்து. இறக்கத்தில் பிரேக் போட்டால் எந்தக் காருக்கும் பின்பக்கம் லேசாகும். அந்த நேரத்தில் வளைவும் வந்து, பின்னாலிருந்து டிரெய்லரும் தள்ளினால்? முதல் நாள் நான் "141 சிசி அதிகம், அவ்வளவுதான்" என்றது எவ்வளவு அபத்தம் என்று இப்போது தெரிகிறது.

(ஹெரால்டுக்கு அடுத்து, 1972 வாக்கில் ஸ்டாண்டர்ட் கம்பெனி விட்ட கெஸலில் நேர் அச்சுதான். உன்னுடையது கெஸல் இல்லையே?)

11 ஆகஸ்ட் 2024

கெஸல் இல்லையாம். நாலு கதவு கூட இல்லை, ரெண்டு கதவு.

இன்று இறக்கம். "ஏறின கியரில் இறங்கு" என்று ஓட்டக் கற்றுக்கொடுத்த எல்லோரும் சொல்லியிருப்பார்கள். டிரெய்லர் இருந்தால் அதற்கும் ஒரு கியர் கீழே. ஏன் என்பதற்கு ஒரு கணக்கு: 1,400 கிலோவை ஆயிரம் மீட்டர் இறக்கினால் அத்தனை சக்தியும் எங்கேயாவது சூடாகத்தான் போக வேண்டும். அந்தச் சூட்டில் நாலரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். இதில் கொஞ்சம் காற்று வாங்கிக்கொள்ளும், கொஞ்சம் இன்ஜின் வாங்கிக்கொள்ளும். கியரைக் கீழே போடாவிட்டால் மீதி எல்லாம் நாலு பிரேக் டிரம்முக்கு. டிரெய்லரில் பிரேக் இல்லையென்றால் அதன் பங்கையும் உன் டிரம்தான் சுமக்க வேண்டும்.

நான் ஒரு தடவை தேர்டில் இறங்கினேன். கீழே யாரோ கல்யாணத்துக்கு நேரமாகிவிட்டது. பெடல் முதலில் கல் மாதிரி கெட்டியானது, எவ்வளவு மிதித்தாலும் வண்டி அடங்கவில்லை. அப்புறம் ஒரு வளைவில் பஞ்சு மாதிரி அடிவரை போனது. பிரேக் ஆயில் கொதித்திருந்தது. நாலைந்து வருடமாக மாற்றாத ஆயில். டாட் 3 ஆயில் புதிதாக இருந்தால் 205 டிகிரியில்தான் கொதிக்கும். ஈரத்தை உறிஞ்சிப் பழசானால் 140க்கே கொதித்துவிடும். குமிழி விழுந்த குழாயில் அழுத்தம் ஏறாது. என் வண்டியில் ஒரே மாஸ்டர் சிலிண்டர், ஒரே லைன், போனால் நாலு சக்கரமும் போச்சு. படபடவென்று நாலு தடவை மிதித்து, செகண்ட் போட்டு, உள்பக்க மண் மேட்டில் உரசி நிறுத்தினேன். டிரம்மிலிருந்து புகை. மச்சான் தண்ணீர் ஊற்றப் போனார், கையைப் பிடித்தேன். சூடான வார்ப்பிரும்பில் பச்சைத் தண்ணீர் பட்டால் விரிசல் விடும். நாற்பது நிமிஷம் குரங்குகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கல்யாணத்தில் பந்தி முடிந்துவிட்டது.

தொப்பூர் கணவாயில் தர்மபுரியிலிருந்து சேலம் நோக்கி இறங்கும் லாரிகள் ஏன் அப்படி அடித்துக்கொள்கின்றன என்று கேட்பவர்களுக்கும் இதேதான் பதில். பெரிய அளவில்.

12 ஆகஸ்ட் 2024

ஆத்தூரிலிருந்து ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியர் ஒருவர் எழுதியிருக்கிறார்: "ஒரு பூஜ்யத்தைத் தின்றுவிட்டீர்கள். நாலரை இல்லை, நாற்பத்தைந்து லிட்டர்." திரும்பப் போட்டுப் பார்த்தேன். அவர் சொல்வது சரி. 30 டிகிரி குழாய்த் தண்ணீர் 45 லிட்டரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும் சூடு. தண்ணீர் கேன் ரெண்டும் இன்னும் கொஞ்சமும்! இப்போதுதான் எனக்கே பயமாக இருக்கிறது. பள்ளிக்கூடத்திலும் இப்படித்தான் மார்க் போனது.

20 ஆகஸ்ட் 2024

சமதளத்துச் சங்கடம். கொண்டலாம்பட்டி தாண்டி நாமக்கல் ரோட்டில், மணிக்கு 65 போகும்போது டிரெய்லர் ஆட ஆரம்பித்தது. முதலில் லேசாக, அப்புறம் வண்டியின் பின்பக்கத்தையே இடமும் வலமும் பிடித்து உலுக்கியது. பிரேக்கில் கால் போகத்தான் துடித்தது. வைக்காமல் ஆக்சிலேட்டரை மட்டும் விட்டேன், ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தேன். வேகம் ஐம்பதுக்குக் கீழே வந்ததும் தானாக அடங்கியது. பின்னால் வந்த லாரிக்காரர் விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்தார். வாழ்த்துச் சொன்னாரா வசவா தெரியவில்லை.

காரணம் அற்பம். பழைய கிரைண்டர் கல் ஒன்றைக் கடைசியாக ஏற்றினோம், அதனால் அது டிரெய்லரின் பின் விளிம்பில் இருந்தது. எங்கள் தாத்தா வண்டி கட்டியவர். மூட்டை அடுக்கும்போது அவர் மாட்டைப் பார்க்க மாட்டார், நுகத்தடியைத்தான் பார்ப்பார். முன்பாரம் கூடினால் மாட்டின் கழுத்து நசுங்கும், பின்பாரம் கூடினால் நுகம் எழும்பும். நுகத்தை ரெண்டு விரலால் தூக்கிப் பார்த்து "இன்னொரு மூட்டைய ஒரு சாண் முன்னாடி தள்ளு" என்பார். டிரெய்லருக்கும் கணக்கு அதுவேதான். மொத்த எடையில் நூற்றுக்கு ஐந்திலிருந்து பத்து வரை கொக்கியில் உட்கார வேண்டும். 380 கிலோ டிரெய்லர் என்றால் இருபதிலிருந்து முப்பத்தைந்து கிலோ. பழைய இரும்புக் கடைத் தராசில் ஒரு கட்டையை நிறுத்தி அதன்மேல் கொக்கியை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். எங்கள் கிரைண்டர் கல் அன்று கொக்கியைக் கீழே அமுக்குவதற்குப் பதில் மேலே தூக்கிக்கொண்டிருந்தது.

தம்பி, 9ஆம் தேதி எழுதியதோடு இதைச் சேர்த்துப் படி. கொக்கி மேலே தூக்கினால் பத்மினி ஆடும். ஹெரால்டு ஆடுவதோடு சக்கரத்தையும் உள்ளே மடக்கிக்கொள்ளும்.

21 ஆகஸ்ட் 2024

எவ்வளவு கிலோ இழுக்கலாம் என்று ஐந்து பேர் கேட்டாயிற்று. பிரிட்டனில் பிரேக் இல்லாத டிரெய்லருக்கு ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள்: காரின் எடையில் பாதி, அல்லது 750 கிலோ, எது குறைவோ அது. பத்மினி 895 கிலோ, பாதி 447. ஹெரால்டு 800ஐ ஒட்டி இருக்கும், பாதி 400. இது டிரெய்லரின் எடையும் சேர்த்து. அதுவும் அவர்கள் ஊர் ரோட்டுக்கு. மலைக்கு நான் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போக மாட்டேன். அதாவது உன் வண்டிக்கு டிரெய்லர் போக நூற்றைம்பது கிலோ சரக்கு கூட வராது. அதை டிக்கியிலும் பின் சீட்டிலுமே போட்டுக்கொண்டு ரெண்டு நடை போய்விடலாமே என்றுதான் தோன்றுகிறது. ஆனால் நீ டிரெய்லர்தான் வேண்டும் என்பாய். எனக்கும் அந்த வயதில் அப்படித்தான்.

2 செப்டம்பர் 2024

சட்டம் பேசுபவர்களுக்காக, சுருக்கமாக. மோட்டார் வாகனச் சட்டம் 1988இன்படி டிரெய்லரும் தனி வாகனம், அதற்கும் பதிவு வேண்டும். பிரிவு 61இன்படி இழுக்கும் காரின் பதிவு எண்ணையும் டிரெய்லரின் பின்னால் எழுத வேண்டும். சும்மா ரெண்டு சக்கரம் வைத்து வெல்டு அடித்து ரோட்டில் இழுக்க முடியாது.

உனக்கு இன்னொரு சிக்கல். ஐம்பது வருடம் தாண்டிய வண்டிகளுக்கு 2021இல் தனி விதி வந்தது. வின்டேஜ் என்று பதிவு செய்தால் எண்ணில் விஏ என்று வரும், புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு என்று ஓட்டலாம். அன்றாட வேலைக்கு ஓட்டக் கூடாது. எரு ஏற்றுவது எந்த வகைக் கண்காட்சி என்று நீதான் விளக்க வேண்டும்.

3 செப்டம்பர் 2024

தம்பியின் வண்டி வின்டேஜ் பதிவில் இல்லை, பழைய பதிவையே புதுப்பித்து வைத்திருக்கிறான். எரு தப்பியது.

15 செப்டம்பர் 2024

சில்லறைகள், மனசில் வந்த வரிசையில். டிரெய்லர் இண்டிகேட்டர் பல்பைச் சேர்த்ததும் பழைய ஃபிளாஷர் வேகமாக அடிக்கும். பயப்பட வேண்டாம், கூடுதல் பல்புக்கேற்ற ஃபிளாஷர் மாற்றினால் போதும். கொக்கியோடு ஒரு பாதுகாப்புச் சங்கிலி கட்டாயம். நான் முதலில் நீளமாக விட்டு அது ரோட்டில் தேய்ந்து பாதிக் கண்ணி போய்விட்டது. ஏற்றத்தில் பெட்ரோல் பம்ப் சூடேறி, பெட்ரோல் ஆவியாகி ஏர் லாக் ஆனால் ஈரத்துணி சுற்றிப் பத்து நிமிஷம் நில். ரேடியேட்டர் மூடியைச் சாக்கைப் போட்டுக்கூட உடனே திறக்காதே, என் வலது மணிக்கட்டில் அடையாளம் இருக்கிறது. கீழே மாடர்ன் தியேட்டர்ஸ் தோரண வளைவு தாண்டுவதற்குள்ளேயே சூடு காட்டும் முள் ஏறினால் அன்றைக்கு மலையை மறந்துவிட்டு வீட்டுக்குத் திரும்பு. வழியில் தட்டுவடை செட் சாப்பிடு.

டிரெய்லர் செய்து கொடுத்த பட்டறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம். அச்சை ஒரு பக்கம் ரெண்டு செண்டிமீட்டர் முன்னால் வைத்து வெல்டு அடித்துவிட்டார்கள். நண்டு மாதிரி ஒருக்களித்தே வந்தது. ஒரு டயர் ரெண்டாயிரம் கிலோமீட்டரில் வழுக்கை. கொக்கியின் நடுவிலிருந்து ரெண்டு சக்கரத்துக்கும் நூல் பிடித்துப் பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். காசு கொடுக்கும் முன்னால் நூல் பிடியுங்கள்.

16 செப்டம்பர் 2024

ரிவர்ஸ் பற்றிக் கேட்டவருக்கு: ஸ்டியரிங்கின் அடிப்பாகத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். டிரெய்லர் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்துங்கள். பிளாட் போட்டு விற்காமல் கிடக்கும் ஏதாவது லேஅவுட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பழகினால் வந்துவிடும். எனக்கு நாலு ஞாயிறு ஆனது.

3 டிசம்பர் 2024

ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து கிடக்கிறது. குப்பனூர் வழியாகப் போகலாமா என்று தம்பி கேட்கிறான். காலி வண்டியில், அவசரம் என்றால், பகலில் போ. டிரெய்லரோடு வேண்டவே வேண்டாம். அது குறுகல், எதிரே வருபவருக்கு ஒதுங்க இடம் தேட வேண்டும். மெயின் ரோடு மூடியிருக்கும்போது எல்லாக் கூட்டமும் அங்கேதான் இருக்கும்.

19 ஜனவரி 2025

தம்பி இன்று ஹெரால்டை வீட்டுக்கே ஓட்டிக்கொண்டு வந்தான். வெளிர் நீலம், குரோம் பளபளவென்று. என் மனைவி "உங்க வண்டியும் இப்படி இருந்துச்சுல்ல" என்றாள். நான் பதில் சொல்லவில்லை.

எழுதியதைக் கண்ணால் பார்த்துவிடலாம் என்று முற்றத்தில் ஒரு சோதனை செய்தோம். கொத்தனாரின் தூக்குக்குண்டு ஒன்று இருந்தது. பின் மட்கார்டிலிருந்து சக்கரத்தின் வெளிப்பக்கமாக நூலைத் தொங்கவிட்டோம். காலி வண்டியில் ரிம்மின் மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் நூலிலிருந்து ஏறக்குறைய ஒரே தூரம். கொக்கி வரப்போகும் இடத்தில் 25 கிலோ அரிசி மூட்டையை வைத்து, அவனையும் மச்சானையும் பின் சீட்டில் உட்கார வைத்தேன். கீழ் விளிம்பு வெளியே வந்து, மேலே ஒரு செண்டிமீட்டருக்கு மேல் இடைவெளி விழுந்தது. சரி, இது பார்க்கத்தான் ஒரு மாதிரி, ஓட்டலாம். அப்புறம் எல்லோரையும் இறக்கிவிட்டு, மூட்டையையும் எடுத்துவிட்டு, நானும் மச்சானும் பின் பம்பரைப் பிடித்து ஒரு சாண் தூக்கினோம். வண்டியைக் கொஞ்சம் முன்னும் பின்னும் உருட்டச் சொன்னேன். சக்கரம் அப்படியே அடியில் மடங்கியது, சம்மணம் போட்டு உட்காருகிற மாதிரி. இறக்கிவிட்ட பிறகும் உடனே நேராகவில்லை, நாலடி உருண்ட பிறகுதான் விரிந்தது.

தம்பி குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தான். "இறக்கத்துல இப்படித்தான் நிக்குமாண்ணா?" என்றான். டிரெய்லர் தள்ளும்போது, பிரேக்கும் சேர்ந்தால், இந்தப் பக்கம்தான் போகும் என்றேன். வேறொன்றும் பேசவில்லை. டீ குடித்துவிட்டுக் கிளம்பினான்.

2 பிப்ரவரி 2025

எதற்கும் அப்பாவிடமும் ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கத் தம்பியிடம் சொல்லியிருந்தேன். கேட்டிருக்கிறான். 1978இலோ என்னவோ தாத்தா ஓட்ட, பலாப்பழம் ஏற்றிய வண்டியில் மலை இறங்கும்போது பின்பக்கம் ஒரு வளைவில் சட்டென்று அப்பாலே போய் நின்றதாம். அதிலிருந்து அவர் அந்த வண்டியில் முன் சீட்டில் உட்காருவதே இல்லை. இன்ஜினைப் பற்றி அவர் என்றுமே கவலைப்படவில்லையாம். "இழுக்காது" என்று சொன்னால் பையன் அதோடு விட்டுவிடுவான் என்று நினைத்தாராம்.

16 பிப்ரவரி 2025

முடிவு: எருவுக்குக் குட்டி யானை வாடகைக்குப் பேசினான். ஹெரால்டு காலியாகப் பின்னால் வரும். நானும் ஏறிக்கொண்டேன், பத்மினி பட்டறையில் இருப்பதால்.

இருபதுக்குக் கொஞ்சம் மேலே வேகம், ஒவ்வொரு வளைவிலும் ஹெரால்டு ஆட்டோ மாதிரி சின்ன வட்டத்தில் திரும்புகிறது. 25 அடி வட்டம் போதும் அதற்கு. பதினொன்றாம் வளைவுக்கு மேலே குட்டி யானை ஓரங்கட்டி நின்றது. ஆவி. டிரைவர் இறங்கி வந்து, "சார், தண்ணி இருக்கா?" என்றார். ஹெரால்டின் டிக்கியில் இரண்டு கேன் இருந்தது. கொடுத்தோம். மூட்டைகளையும் தம்பியின் வண்டியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இதுல ஒரு கொக்கி மாட்டுனா ரெண்டு மூட்ட இழுக்குமே சார், ஏன் மாட்டல?"

தம்பி என்னைப் பார்த்தான். நான் பள்ளத்தாக்கைப் பார்த்தேன்.